கடைசியில் ஒரு கேள்வி

"நான் என்ன நினைக்கிறேன்னு கேக்க இவன் யாரு?"

பேராசிரியர் கையிலிருந்த கட்டுரையை மேசைமேல் போட்டார். போட்ட வேகத்தில் தேநீர்க் கோப்பை ஆடியது. எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"யாரு கேட்டா?"

"இந்தப் பையன்தான். கடைசி வரியைப் பாரு. 'இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' இதுக்கு முன்னாடி திருத்தினதுலயும் இதே வரி. அதுக்கு முன்னாடி இருந்ததுலயும் இதே வரி."

"மரியாதையாத்தானே கேட்டிருக்காங்க?"

"இது இவங்க கேட்ட கேள்வியே இல்ல. ஏஐகிட்ட தலைப்பைக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்காங்க. அது எழுதிக் கொடுத்துட்டு, பேச்சை வளக்கறதுக்காகக் கடைசியில இப்படி ஒண்ணு கேக்கும். இவங்க அதையும் சேத்து அப்படியே அச்செடுத்துக் கொடுத்திருக்காங்க. படிச்சுக்கூடப் பாக்கல."

அவர் பல்கலைக்கழகத்தில் 'சிந்தனையும் எழுத்தும்' என்ற பாடத்தை நடத்துகிறவர். சுயமாக யோசித்துக் கட்டுரை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. இந்தப் பருவத்துக்கு அவர் கொடுத்த தலைப்பு, 'ஏஐ அரட்டைக் கருவிகள் மாணவரின் சுயசிந்தனையை மழுங்கடிக்கின்றனவா?' அதற்கான பதில் கட்டுக்கட்டாக மேசைமேல் கிடந்தது.

வெறும் கோபமாக இருந்தால் திட்டிவிட்டுப் படுத்திருப்பார். போன வாரம் துறைத்தலைவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, ஒரு விஷயம் சொல்லியிருந்தார். எல்லாக் கட்டுரையையும் ஏஐயே எழுதுகிறது என்றால் அந்தப் பாடம் எதற்கு, எடுத்துவிடலாம் என்று பாடத்திட்டக் குழு நினைக்கிறதாம். பாடம் போனால், பேராசிரியருக்கு மாணவர் விடுதியில் அறை ஒதுக்கும் பொறுப்பு தயாராக இருந்தது. விடுதியில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தினமும் சண்டை நடக்கும்.

"சுயமா யோசிச்சு எழுதற ஒரே ஒரு ஸ்டூடன்ட்டைக் காட்டுங்க சார். பாடம் இருக்கட்டும்னு நானே பேசறேன்" என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். நல்ல மனுஷிதான்.

அந்த ஒருவரைத்தான் பேராசிரியர் கட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தார். அலுப்போடு அடுத்த கட்டுரையை எடுத்தார். முதல் பத்தியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதைக் கேளு. துணியை அப்புறம் மடிக்கலாம்."

மனைவி கையிலிருந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வாசித்தார்.

'இயந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது கேட்டால்தான் பதில் சொல்கிறது. எங்கள் வீட்டில் இருப்பவர் கேட்காமலே சொல்வார். முதலில் அது வசதியாகத்தான் இருந்தது. எந்தப் பேருந்தில் போக வேண்டும், எந்தத் துணி சாயம் போகும், யார் வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒருநாள் எனக்கென்று ஒரு சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். எனக்கு எந்த வாசனை பிடிக்கும் என்று யோசித்தேன். தெரியவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றேன். கடைக்காரர் என் காலைச் சுற்றித் தரையைக் கூட்டிவிட்டுப் போனார்.'

"அடடா" என்றார் பேராசிரியர். மேலே வாசித்தார்.

'மழை வராது என்பார். நானும் குடையை வைத்துவிட்டுப் போவேன். நனைந்து வந்தால், குடை எடுத்துப் போகத் தெரியாதா என்பார். மாணவர்களுக்கு ஏஐ இதைத்தான் செய்கிறது என்றால், அது புதிதாக எதையும் செய்துவிடவில்லை.'

கட்டுரையில் வாக்கியங்கள் கோணல்மாணலாக இருந்தன. மேற்கோள் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பத்தியில், பல கடை ஏறி இறங்கி முகர்ந்து பார்த்ததில் தனக்கு எலுமிச்சை வாசனைதான் பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டதாக எழுதி, அதோடு முடித்திருந்தது. கேள்வி எதுவும் இல்லை.

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் மனுஷ மூளை. ஏஐ கைபடாத மூளை. உனக்குப் புரியுதா இதுல என்ன சொல்லியிருக்குன்னு?"

"புரியற மாதிரிதான் இருக்கு."

"புரியாது. நான் சொல்றேன். வீடுன்னா இங்க வீடு இல்ல, சமூகம். அந்த 'அவர்'ங்கிறது அதிகாரம். குடை இருக்கே, அது சுயசிந்தனைக்குக் குறியீடு."

"குடையை நினைச்சே எழுதியிருக்கலாம்ல?"

"உனக்கு இதெல்லாம் பழக்கமில்ல, விடு. சரி, ஒரு பேச்சுக்கு நிஜ வீடுன்னே வெச்சுக்குவோம். அப்ப அந்த ஆளு வடிகட்டின முட்டாளா இருக்கணும். இப்படி ஒரு மூளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவன் மாதிரி இருந்திருக்கான் பாரு."

"அப்படிச் சொல்லாதீங்க, பாவம்" என்றாள் மனைவி. துண்டை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அவர் குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "பழைய சோப்பு எங்க? இது என்ன, எலுமிச்சம்பழத்தைத் தேச்சுக் குளிக்கிற மாதிரி இருக்கு."

"அது என்னோட சோப்புங்க. உங்களுது மேல் தட்டுல இருக்கு."

"இந்த வாசனை நல்லால்ல. மாத்திடு."

அவள் மாற்றுவதாகச் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. துறைத்தலைவரைப் பார்க்கும் அவசரம் அவருக்கு.

துறைத்தலைவர் கட்டுரையைப் படித்துவிட்டு, முதல் பத்திக்குத் திரும்பி இன்னொரு முறை படித்தார். "நல்லா இருக்கு சார். யாரு இது?"

"ஏஐ பக்கமே போகாத ஸ்டூடன்ட் மேடம். நான் அடிச்சுச் சொல்றேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை குழு முன்னாடி அவரை வரச்சொல்லுங்க. அவர் வாயாலயே கேட்டுட்டா விஷயம் முடிஞ்சுது."

அங்கேதான் சிக்கல். கட்டுரையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். திருத்துகிறவருக்கு வேண்டியவர் வேண்டாதவர் தெரியக்கூடாது என்று பல்கலைக்கழகம் செய்திருந்த ஏற்பாடு அது. பேராசிரியர் தேர்வுப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர் எண்ணைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், பிறகு பேராசிரியரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"சொல்ல முடியாது சார். குழு கூப்பிட்டா நாங்களே அவங்களுக்குத் தகவல் அனுப்பி வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்துடுவோம். அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியக்கூடாது."

"வந்து என்ன பேசறதுன்னு தெரியாம உளறிட்டாங்கன்னா? முன்னாடியே நான் பாத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?"

"சுயமா யோசிக்கிறவங்கன்னுதானே சார் கூப்பிடறீங்க?"

பேராசிரியருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று கிளம்பினார். அதே தலைப்பில் மாலை நேரப் பிரிவுக்காரர்களும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு வேறொரு ஆசிரியை பாடம் நடத்தினார், திருத்துவது மட்டும் இவர். வேலைக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்கி வழிகிறவர்களுக்கு இவ்வளவு யோசனை எங்கே வரப்போகிறது என்று அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

தன் வகுப்பில் கட்டுரையை உரக்க வாசித்தார். "இதை எழுதினவர் யாரோ, நாளைக்குக் காலையில என்னை வந்து பாருங்க. பெரிய கௌரவம் காத்திருக்கு."

மறுநாள் காலை அவர் அறைவாசலில் வரிசை நின்றது. வகுப்பில் பாதி அதில் இருந்தது.

"நான்தான் சார் எழுதினேன்" என்றான் முதலில் நின்றவன்.

"எப்படி எழுதினே?"

அவன் அலைபேசியைப் பார்த்து வாசித்தான். "என் வாழ்வனுபவங்களை ஆழமாக அசைபோட்டு, பல்வேறு கோணங்களில் ஆராய்ந்து..."

"அதைக் கீழ வை. உங்க வீட்டுல கேக்காமலே பதில் சொல்றது யாரு?"

"அம்மா சார்."

"உங்கம்மா என்ன சோப்பு போடறாங்க?"

அவன் அலைபேசியை எடுத்தான். பேராசிரியர் அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்த பெண், எழுதிய விதத்தை அச்செடுத்தே கொண்டுவந்திருந்தாள். அதன் கடைசி வரியில், 'இந்த விளக்கம் உதவியாக இருந்ததா?' என்று கேட்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்று பேராசிரியர் மறுநாள் ஒரு தேர்வு வைத்தார். அலைபேசிகளை எல்லாம் வாளியில் போடச் சொல்லி வாளியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். "அவங்கவங்க வீட்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க. கையால." எழுதியவரின் நடை தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

தேர்வு நடக்கப்போகிறது என்பது முந்தின நாளே கசிந்துவிட்டிருந்தது. எல்லார் வீட்டிலும் கேட்காமலே பதில் சொல்லும் ஒருவர் இருந்தார். எல்லாரும் மழையில் நனைந்தார்கள். ஒருவன் மட்டும் வித்தியாசமாக, குடைக்குப் பதில் மழைக்கோட்டு என்று எழுதியிருந்தான். இன்னொருவன் கீழே, அழகான கையெழுத்தில், 'இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று முடித்திருந்தான்.

"இது எதுக்குடா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"மனப்பாடம் பண்ணும்போது சேந்து வந்துடுச்சு சார்."

அன்று மாலைக்குள் இரண்டு பெற்றோர் துறைத்தலைவரிடம் புகார் செய்துவிட்டார்கள். வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, என்ன சோப்பு போடுகிறார்கள் என்றெல்லாம் ஒரு பேராசிரியர் துருவிக் கேட்கிறார், இதுதான் பாடமா என்று கேட்டார்கள்.

"என்ன சார் இது?" என்றார் துறைத்தலைவர். "உங்களுக்காகப் பேசலாம்னு இருந்தேன். இப்ப எனக்கே பேச வாய் வராது போலிருக்கு."

பேராசிரியர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. வாரத்தில் சில நாள் தாமதமாக வருவாள். மாலை ஷிஃப்ட் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இப்படி நனைஞ்சிருக்கே?"

"மழை வராதுன்னு காலையில சொன்னீங்களே."

"குடை எடுத்துட்டுப் போகத் தெரியாதா உனக்கு?"

அவள் துவட்டுவதை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அதற்குள் உள்ளே போய்க் கணினியைத் திறந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஏஐயிடமே போவதென்று முடிவு செய்திருந்தார். ஊருக்குத் தெரியாமல் செய்வது என்றால் இப்போதுதான் செய்ய வேண்டும். கட்டுரையையும், மாணவர்கள் கையால் எழுதியவற்றையும் கொடுத்து, எழுதியது யார் என்று கேட்டார். மிக அருமையான கேள்வி என்று பாராட்டிவிட்டு, வரிசையில் முதலில் நின்றவன்தான் என்றது. அப்படியா என்று கேட்டார். மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, இரண்டாவதாக நின்ற பெண்தான் என்றது. மறுபடியும் அப்படியா என்றார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. கடுப்பில், நானே எழுதியிருப்பேனா என்று கேட்டார். அதற்கு வாய்ப்பு மிக அதிகம், கட்டுரையில் ஓர் ஆழ்ந்த அறிஞரின் முதிர்ச்சி தெரிகிறது என்றது.

அந்தப் பதிலை மட்டும் அவர் இரண்டு முறை படித்தார்.

பொழுது போய்க்கொண்டிருந்தது. காலையில் குழு. பேச வேண்டிய உரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. அலைந்த அலைச்சலில் தலை வேறு கனத்தது. இந்த ஒரு தடவைதானே என்று, 'மாணவர்கள் சுயமாகச் சிந்திக்க வேண்டியதன் அவசியம் பற்றி உருக்கமாக ஓர் உரை' என்று தட்டினார். வந்ததை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

காலையில் மனைவி சொன்னாள், "இன்னிக்கு நானும் உங்க யுனிவர்சிட்டிக்குத்தான் வரணும்."

"ம். என் நீலச் சட்டை எங்க?"

"கதவுக்குப் பின்னாடி. குடை எடுத்துக்கங்க, மழை வரும்போல இருக்கு."

"வராது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பேருந்தை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குழு அறைக்குள் அவர் நுழைந்தபோது நீலச் சட்டை கறுப்பாகியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவரும் குழுவினரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று மாணவருக்கு.

பேராசிரியர் ஈரமான தாளைப் பிரித்து உரையை வாசித்தார். உருக்கமாகத்தான் இருந்தது. கடன் வாங்கிய சிந்தனை வேண்டாம் என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வேகத்தில் பேராசிரியர் கடைசிவரை வாசித்துவிட்டார்.

"...ஆகவே, சிந்திப்போம். இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வேண்டுமானால் இதை இன்னும் சுருக்கமாக..."

வாய் நின்றது. தாளை அவசரமாக மடித்தார்.

கண்ணாடியைத் துடைத்தவர் அதை மாட்டிக்கொண்டார். "எங்களையா கேக்கறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று பேராசிரியருக்குத் தோன்றியது. துறைத்தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அந்த ஸ்டூடன்ட்டை வரச்சொல்லுங்க" என்றார். இனி பேராசிரியரைக் காப்பாற்றக்கூடியது அந்த ஒரு ஜீவன்தான்.

கதவு திறந்தது. எழுத்தருக்குப் பின்னால், மடக்கிய குடையோடு, ஒரு சொட்டுகூட நனையாமல் அவர் மனைவி வந்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்தே? சாவியை விட்டுட்டு வந்துட்டேனா?" என்றார் பேராசிரியர் தாழ்ந்த குரலில். "வெளிய உக்காரு, ஒரு ஸ்டூடன்ட் வரணும்."

"இவங்கதான் சார் அந்த எண்" என்றார் எழுத்தர். "மாலை நேரப் பிரிவு."

மனைவி குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ படிக்கிறியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சேந்தப்ப சொன்னேன். ஐடி கார்டு வந்தப்ப காட்டினேன். இன்னிக்குக் காலையிலகூடச் சொன்னேனே. நீங்க 'ம்'னு சொன்னீங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்து எலுமிச்சை வாசனை லேசாக வந்தது. குடை, சோப்பு, கேட்காமலே பதில் சொல்கிறவர் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குள் போய் உட்கார்ந்தன. வடிகட்டின முட்டாள் என்று தான் சொன்னதும், பாவம் என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும் இதை எழுதியது தன் மனைவி என்று ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. கூடவே விடுதிக் குளியலறைத் தாழ்ப்பாளும் கண்முன் வந்தது. பேராசிரியர் அவசரமாக எழுந்தார்.

"மேடம், இவ எங்க வீட்டுலதான் இருக்கா. இவளைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்? ஏஐ பக்கம் போனதே கிடையாது. அந்தக் கட்டுரை முழுக்க இவ சொந்தமா..."

"உக்காருங்க சார். அவங்களே சொல்லட்டும்" என்றார் துறைத்தலைவர். அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. ஏஐகிட்ட போகவே இல்லையா?"

"போனேன் மேடம். தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னேன்."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாருக்கும் கொடுத்த அதே கட்டுரையைத்தான் எனக்கும் கொடுத்துச்சு" என்றாள் அவள். "கீழே, இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டிருந்துச்சு. கல்யாணமானதுலேருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லையா, அதான் அது எழுதினதை எல்லாம் அழிச்சுட்டு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன்."